சாய்ந்தமருதில் ஒரு பிஸ்கட் டின்

வெள்ளிக்கிழமைகளில் கல்முனைக் கரையில் படகுகள் மணலில் ஏறிக் கிடக்கும். ஜும்ஆ முடிந்து மதியச் சோறும் முடிந்த பிறகு கரைக்கு வருகிறவர்கள் கடலில் இறங்க வருவதில்லை. வலை பொத்தவும், எஞ்சினைக் கழற்றித் துடைக்கவும், துருவேறிய தூண்டில் முள்ளை மாற்றவும் வருகிறார்கள். பழைய தூண்டில்களைப் பார்க்க ஆசையென்றால் வெள்ளிக்கிழமை வா, அன்றைக்குத்தான் பெட்டிகள் திறக்கும் என்று சாய்ந்தமருது நண்பர் சொல்லியிருந்தார். வியாழன் மத்தியானமே மட்டக்களப்பில் பஸ் ஏறிவிட்டேன்.

கல்முனைக்கு அங்கிருந்து ஏறக்குறைய 40 கிலோமீற்றர். கல்லடிப் பாலம், காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்லாறு என்று ஊருக்கு ஊர் இடைவெளி இல்லாமல் வீதி ஓடும். பெரியநீலாவணையோடு அம்பாறை மாவட்டம் தொடங்குகிறது. இடக்கைப் பக்கம் கடல், வலக்கைப் பக்கம் வயல், நடுவில் ஒடுங்கிய மணல்கரையில் நெருக்கியடித்த வீடுகள். மருதமுனையில் பஸ் நின்றபோது எங்கோ தறிச் சத்தம் கேட்டது. சாரத்துக்கும் சேலைக்கும் பேர்போன ஊர். அந்தத் தறிகளுக்கும் நான் தேடிப் போன பொருளுக்கும் உறவு இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் தேடிப் போனது பொய் இரைகளை. இறாலோ சாளையோ குத்தாமல், மரத்தாலும் ஈயத்தாலும் இறகாலும் இரைபோலச் செய்து மீனை வரவைக்கிற தூண்டில்கள். இவற்றைச் சேர்ப்பது மேல்நாடுகளில் பெரிய ஈடுபாடு. அமெரிக்காவில் 1976ல் இதற்கென்றே ஒரு தேசியச் சங்கம் தொடங்கினார்கள். ஒகைய்யோ மாநிலத்து ரைலி ஹாஸ்கல் என்பவர் 1859ல் காப்புரிமை பெற்ற உலோக மீன்களில் பெரிய உருவத்தது ஒன்று 2003ல் ஏலத்துக்கு வந்து 1,01,200 டொலருக்குப் போனது. அன்றைய இலங்கைப் பணத்தில் ஏறக்குறைய ஒரு கோடி ரூபா. மிச்சிகனில் தேனீ வளர்த்துப் பேர்வாங்கிய ஜேம்ஸ் ஹெடன் என்ற மனிதர் பொழுதுபோக்காக மரத்தில் செதுக்கத் தொடங்கிய தவளைகளும் மீன்களும் ஒரு தொழிற்சாலையாகவே வளர்ந்தன. அவை இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன.

சேகரிப்பவர்கள் பார்ப்பது எதையெல்லாம் என்று தெரிந்துகொண்டால் கல்முனையில் நான் கண்டதன் பெறுமதி விளங்கும். முதலில் கண். பழைய மரமீன்களுக்குக் கண்ணாடிக் கண் பதித்திருப்பார்கள். செலவைக் குறைக்கத் தொடங்கிய பிற்காலத்தில் கண்ணை வெறும் பெயின்றில் போட்டுவிட்டார்கள். அடுத்தது முள்ளை உடம்போடு பிணைத்திருக்கும் விதம்: வெறும் திருகாணியா, சிறு கிண்ணம் பதித்து அதற்குள் திருகாணியா, இரண்டு தகட்டால் கவ்வியதா. ஒவ்வொரு கம்பனியும் இந்தப் பிணைப்பைக் காலத்துக்குக் காலம் மாற்றியதால், அதை வைத்தே பத்து வருஷ வித்தியாசத்துக்குள் வயது சொல்லிவிடுவார்கள். பிறகு வார்னிஷில் ஓடும் நுண்ணிய வெடிப்புகள். கடைசியாக அட்டைப்பெட்டி. பெட்டியோடு கிடைத்தால் விலை எங்கோ ஏறிவிடும். ஒருமுறை யாராவது புதுப் பெயின்ற் அடித்திருந்தால் அடியோடு விழுந்துவிடும். தண்ணீரே படாத தூண்டிலுக்குத்தான் அங்கே அதிக மதிப்பு.

இலங்கையில் பழைய தூண்டில் என்றால் பலருக்கும் நினைவு வருவது மலைநாடு. நுவரெலியாவின் ஓடைகளில் துரைமார் ட்ரவுட் மீன் விட்டு வளர்த்தார்கள். 1896ல் சிலோன் ஃபிஷிங் கிளப் அமைத்தார்கள். அவர்களுடைய சாமான்களில் ஊசிக்கும் தூண்டில் முள்ளுக்கும் பேர்போன இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பனிகளின் பெயர் பொறித்திருக்கும். பெயர் இருப்பதால் அவற்றை அடையாளம் காண்பதும் விலை சொல்வதும் லேசு. கிழக்குக் கரையில் கட்டிய தூண்டிலில் யார் பெயரும் இல்லை. ஆகவே அதற்கு வயதும் வரலாறும் விலையும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. இந்த முடிவைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

வியாழன் பின்னேரம் கல்முனை பஸாரில் மீன்பிடிச் சாமான் கடை ஒன்றில் ஏறினேன். கூரை முட்டும் வலைக்கட்டுகள், பச்சையும் நீலமுமாகக் கயிறு, தங்கூஸ் நூல் உருளைகள், ரப்பர் கணவாய்கள், ஜப்பான் பாணியில் செய்த சீன மீன்கள். கடைக்கார காக்கா பிளேன்டீ வரவழைத்துத் தந்தார். பழைய சாமான் ஏதும் உண்டா என்று கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு, மேல் தட்டிலிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியை இறக்கினார். "எங்கட வாப்பா காலத்துச் சாமான். விக்கிறதுக்கு இல்ல. பாருங்க."

மூடியில் சாவிப் படம். நோர்வேயின் மஸ்ட்டாட் கம்பனி முள். 1832ல் ஆணி அடிக்கத் தொடங்கி, 1877ல் தூண்டில் முள்ளுக்கு வந்த கம்பனி அது. முள்ளை வளைக்கும் இயந்திரத்தை அவர்களே உருவாக்கியதால் உலகத்துக் கடற்கரைகளெல்லாம் அவர்கள் கைக்கு வந்தன. பெட்டியில் ஊர்ப் பெயர் ஒஸ்லோ என்றிருந்தது. அந்த நகரத்துக்கு 1925 வரை கிறிஸ்டியானியா என்று பெயர். ஆகவே பெட்டி அதற்குப் பிந்தியது. அடியில் இறக்குமதிக்காரரின் மங்கிய முத்திரையில் நாட்டின் பெயர் சிலோன். ஆகவே நாடு 1972ல் பெயர் மாறுவதற்கு முந்தியதாக இருக்க வேண்டும். இரண்டு சொற்களை வைத்து ஒரு பெட்டியை 47 வருஷத்துக்குள் அடைத்துவிட்டோம் என்று சொன்னதும் காக்காவின் முகம் மலர்ந்தது. "அப்ப வாப்பா கடை துறந்த காலம் சரியா வருது" என்றார். மேற்கு ஜேர்மனி என்று பொறித்திருந்தால் 1949க்கும் 1990க்கும் இடையில். 'ஆக்கிரமிப்பில் உள்ள ஜப்பான்' என்றிருந்தால் 1952க்குள். அரசியல் வரைபடம் மாறினால் பெட்டியும் மாறும். தூண்டில் வயதைச் சொல்ல இதைவிட எளிய வழி கிடையாது. ஒரே ஒரு எச்சரிக்கை: முள்ளின் வயது வேறு, அதைப் பூட்டிய பொய் இரையின் வயது வேறு. முள் துருப்பிடித்தால் மாற்றுவார்கள். உடம்பு வருஷக்கணக்கில் இருக்கும்.

மறுநாள் ஜும்ஆவுக்குப் பிறகு சாய்ந்தமருது. தோணா ஓடையைத் தாண்டிக் கரையோரம் நடந்தால் மாளிகைக்காடு வரை படகுகள்தான். நண்பர் என்னை ஒரு பழைய தண்டயலிடம், படகை நடத்திய தலைவரிடம், கூட்டிப்போனார். எண்பதை நெருங்கும் வயது; படகில் போவதை விட்டுப் பல வருஷம். ஆனாலும் பின்னேரம் கரைக்கு வராமல் இருக்க முடியாது. ஸலாம் சொல்லி, வந்த காரியத்தைச் சொன்னேன்.

"இரிங்க தம்பி. இதப் பாக்கவா மட்டக்களப்புலரிந்து வந்த?" என்று வியந்துவிட்டு, பேரனை வீட்டுக்கு அனுப்பினார். வந்தது ஒரு மலிபன் பிஸ்கட் டின்.

டின்னுக்குள் முதலில் கையில் பட்டது இறகுத் தூண்டில். சுண்டுவிரல் அளவு ஈயத் தலை. செங்கல்லில் குழி தோண்டி, அதில் உருக்கி ஊற்றியது. தலைக்குப் பின்னால் வெள்ளைச் சேவலின் கழுத்து இறகுகள், அவற்றுக்கு நடுவே நாலைந்து சிவப்பு நூலும் ஒரு கீற்று ஜரிகையும். படகு ஓடும்போது பின்னால் இழுத்துப் போகிற தூண்டில் இது. சூரைக்கும் சின்ன அறுக்குளாவுக்கும். வால் இறகு கூடாதாம். அது விறைத்துப் போகும், கழுத்து இறகுதான் தண்ணீரில் மூச்சு விடுகிற மாதிரி விரிந்து சுருங்கும். நூலும் ஜரிகையும் எங்கிருந்து என்று கேட்டேன். "மருதமுனைல தறிக்காரர்ட்ட வெட்டு நூல் கெடக்கும். ஒரு கூறு மீன் குடுத்தா ஒரு வருஷத்துக்குக் காணும்." நெசவாளியின் மிச்சம் கடலுக்குப் போய்ச் சூரையாகத் திரும்பி வந்திருக்கிறது. இப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் எந்தப் புத்தகத்திலும் பதிவாகவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வலித்தது.

நூலும் வயது சொல்லும். நைலோன் உலகச் சந்தைக்கு வந்ததே 1930களின் கடைசியில். இந்தக் கரைக்கு அது பரவலாக வந்தது அதற்கு இருபது வருஷம் பிந்தி. அதற்கு முன் பருத்தி நூல். உப்பில் உக்கிப்போகாமல் இருக்கப் பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்த்துக் காயவைப்பார்கள். அந்தக் கறுப்புக் கலந்த தவிட்டு நிறம் எத்தனை கழுவினாலும் போகாது. டின்னின் அடியில் கிடந்த ஒரு தலையில் இறகெல்லாம் பூச்சி தின்று போயிருந்தது. கட்டு மட்டும் அப்படியே. கட்டிய நூல் அந்தத் தவிட்டு நிறம். "இது வாப்பா கட்டினது" என்றார் தண்டயல். கட்டைப் பார்த்தே சொல்லிவிட்டார். தன் கட்டு வலப்பக்கமாகச் சுற்றுமாம், வாப்பா இடக்கைக்காரராம்.

ஒரு கம்பனியின் முத்திரையை அடையாளம் காண்பதற்கும் இதற்கும் என்ன குறை? முத்திரையைப் போலியாக அடிக்கலாம். வாப்பாவின் இடக்கைச் சுற்றைப் போலி செய்வது கஷ்டம்.

அடுத்தது கணவாய்க்குரியது. உருளையான ஈயம், மேலே சேலைத்துணி சுற்றி, வால் முனையில் பழைய குடைக்கம்பியை வெட்டி மேல்நோக்கி வளைத்த ஒரு வட்ட முட்கள். அவற்றில் எதிர்முள் கிடையாது. கணவாய் வாயால் கவ்வுவதில்லை, கையால் கட்டிப்பிடிக்கும்; கைக்கு எதிர்முள் தேவையில்லை, படகில் ஏற்றியதும் சட்டென்று உதறிவிடலாம். ஜப்பானின் தெற்கில், ககொஷிமா பக்கம், இதே வேலைக்கு இறால் வடிவில் மரத்தில் செய்வார்கள். எகி என்று பெயர். கடலில் விழுந்த தீப்பந்தக் கட்டையைக் கணவாய் கட்டிப்பிடித்ததைக் கண்டு அது பிறந்ததாக அங்கே செவிவழிக் கதை. இன்று கல்முனைக் கடைகளில் தொங்கும் துணி சுற்றிய இறால்கள் அதன் பேரப்பிள்ளைகள். குடைக்கம்பித் தூண்டில் அவற்றுக்கு முன்பே இங்கே தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

டின்னில் என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது ஒரு மரமீன். முள்முருக்கு மரம். பாரமில்லாத மரம், வலை மிதப்புக்கும் அதுதான். ஒரு சாண் நீளத்தில் செதுக்கி, வயிற்றில் துளை போட்டு ஈயம் அடைத்து, வாய்க்குக் கீழே தகர டின்னில் வெட்டிய நாக்குப் பதித்திருந்தது. விலாவில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள், மேலே வார்னிஷ். முதுகில் மேலே பச்சை, பெயின்ற் உரிந்த இடத்தில் பச்சைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே மறுபடி ஒரு கரும்பச்சை. படகுக்கு அடித்து மிஞ்சிய பெயின்றைத்தான் மீனுக்கும் அடிப்பாராம். "நீலம் அடிச்ச போட் இரிந்த காலத்துல நல்ல உழைப்பு" என்று விரலால் அந்த இடத்தைத் தடவினார். மேல்நாட்டு ஏலத்தில் இந்த மீனுக்குச் சதமும் கிடைக்காது, மூன்று முறை பெயின்ற் அடித்த குற்றத்துக்காக. ஆனால் அந்த மூன்று அடுக்கிலும் அவர் ஓட்டிய மூன்று படகுகள் இருக்கின்றன. கல்முனைக் கரையின் தூண்டிலை மதிப்பிட வேறு அளவுகோல் வேண்டும் என்று அங்கே அந்த மணலில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குத் தெளிவானது.

பின்லாந்தில் லௌரி ராப்பாலா என்ற ஏழை மீனவர் இருந்தார். 1905ல் பிறந்தவர், மரம் வெட்டியும் ஏரியில் தூண்டில் போட்டும் பிழைத்தவர். பெரிய மீன், கூட்டத்தில் நொண்டி நீந்துகிற சின்ன மீனைத்தான் தேடிப் பிடிக்கிறது என்பதைக் கவனித்தார். 1936ல் தக்கையைச் செதுக்கி, சொக்லேட் தாளைச் சுற்றி, புகைப்பட நெகட்டிவ்களை உருக்கி மேலே பூசி, அப்படி நொண்டி நீந்துகிற ஒரு மீனைச் செய்தார். ஒவ்வொன்றையும் தண்ணீரில் இழுத்துப் பார்த்து, நாக்கை வளைத்துச் சரிசெய்த பிறகே வெளியே கொடுத்தார். 1962 ஓகஸ்டில் அமெரிக்காவின் லைஃப் இதழில் அவரைப் பற்றிக் கட்டுரை வந்தது. மர்லின் மன்றோ இறந்தபோது வெளியான, கோடிக்கணக்கானோர் கைக்குப் போன இதழ் அது. அதோடு உலகம் முழுக்க அவர் பெயர் பரவி, கடைசியில் கல்முனைக் கடையில் எந்த மரமீனுக்கும் அவர் பெயரே பெயராகிவிட்டது. தண்டயலிடம் இதைச் சொன்னேன். வெள்ளித்தாள் சங்கதி அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. "அவரும் நம்மட ஆள்தான்" என்றார். அவரும் நாக்கை வளைத்துப் பார்க்காமல் ஒன்றையும் கடலுக்கு எடுத்துப் போனதில்லை. தோணாவில் இறங்கி இழுத்துப் பார்ப்பாராம். நாக்கைக் கீழே மடித்தால் மீன் மேலாகவே ஆடும், முன்னுக்கு நீட்டினால் ஆழத்துக்கு இறங்கும். காலை இருட்டுக்கு வெள்ளித்தாள், வெயில் ஏறினால் பச்சை முதுகு, மழைத்தண்ணீர் கலங்கி வந்தால் எதுவும் வேலைக்காகாது, வலையைப் பார்க்க வேண்டியதுதான்.

அந்த டின் இருப்பதே பெரிய காரியம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் போனார்கள். இலங்கையில் மிக அதிகம் இழந்த மாவட்டம் இது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கடலோர வீடுகள் வரிசையாக இல்லாமல் போயின. போன உயிர்களுக்கு முன்னால் தூண்டிலைப் பற்றிப் பேசுவதற்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் வாடிகளில் இருந்த பெட்டிகள், சுவரில் செருகி வைத்த மரமீன்கள், கட்டத் தெரிந்த கைகள் எல்லாம் ஒரே காலையில் போய்விட்டன என்பதையும் எங்காவது எழுதி வைக்க வேண்டும். தண்டயலின் மருமகன் குளத்தில் போட்டுப் பார்க்கவென்று டின்னைச் சம்மாந்துறைக்குக் கொண்டுபோயிருந்தார். அதனால் தப்பியது. பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகளும் புது வலைகளும் நிறைய வந்தன. பொய் இரை கட்டுகிற பழக்கத்தை யார் கொண்டுவந்து கொடுக்க முடியும்?

இதற்கு ஒரு விலை சொல்லுங்கள் என்று மரமீனைக் காட்டிக் கேட்டேன். வாங்கும் எண்ணமில்லை, அவர் எப்படிக் கணக்குப் பார்ப்பார் என்று அறியத்தான். "மொத ஓட்டத்துல பிடிச்ச மீன்ட விலை எதுவோ அதுதான் அதுட விலை" என்றார். இந்த மரமீனின் முதல் மீன் ஒரு அறுக்குளா. அன்று அதை விற்காமல் வீட்டுக்கே கொண்டுபோனாராம். அப்படியென்றால் விலையில்லை என்றுதானே ஆகிறது என்றேன். ஆமென்று தலையசைத்தார்.

அங்கிருந்து தெற்கே காரைதீவு, நிந்தவூர் கடந்து ஒலுவில். டென்மார்க் கடனில் கட்டிய துறைமுகத்தின் வாயை மணல் மூடிக்கொண்டிருக்கிறது. பக்கத்துக் கரையைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது. அதைப் பற்றி எழுத வேறு கட்டுரை வேண்டும். எனக்கு அங்கே கண்ணில் பட்டது தென்கிழக்குப் பல்கலைக்கழகம். 1995ல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது, இந்த மண்ணின் பிள்ளைகள் படிக்கும் இடம். அங்கே ஒரு சிறு அறையில் இந்தக் கரையின் தூண்டில்கள் இருக்கக் கூடாதா? ஒக்கினாவாவின் குகையொன்றில் கிடைத்த சிப்பி முள்ளுக்கு 23,000 வருஷ வயது என்று 2016ல் கண்டறிந்தார்கள். சிப்பி நிற்கும். சேவல் இறகு நிற்காது, ஒரு தலைமுறையில் பூச்சி தின்றுவிடும். ஆகவே அவசரம் இங்கேதான் அதிகம்.

அப்படி யாராவது சேர்க்கத் தொடங்கினால், சொல்ல ஒன்றிரண்டு உண்டு. நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள், முள்ளில் எண்ணெய் தடவுங்கள், ஆனால் துருப்பிடித்ததைக் கழற்றிப் புதியது போடாதீர்கள். பெயின்றைத் தொடாதீர்கள். ரப்பர் கணவாயைப் பெயின்ற் அடித்த மீனோடு ஒரே பெட்டியில் போட்டால் ரப்பர் கசிந்து பெயின்றை இளக்கிவிடும்; தனித்தனியாகத் தாளில் சுற்றுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டியவர் பெயரையும் ஊரையும் அவர் சொன்ன மீனையும் மாதத்தையும் அன்றே எழுதிச் சேர்த்து வையுங்கள். பெயரில்லாததால்தான் இவை இத்தனை காலம் குப்பையாகப் போயின.

அக்கரைப்பற்றில் இரவு தங்கி, திருக்கோவில், கோமாரி வழியாகப் பொத்துவிலுக்குப் போனேன். பக்கத்து உல்லைக் கடலில் அலைச்சறுக்க வரும் வெள்ளைக்காரர்களில் சிலர் தூண்டிலும் கொண்டு வருகிறார்கள். அவர்களுடைய விலை கூடிய மீன்கள் பாறையில் சிக்கி அறுந்துபோகும். வற்றும் நேரத்தில் அவற்றைத் தேடி எடுக்கும் ஒரு மீன்பிடி இளைஞரைச் சந்தித்தேன். அப்படி எடுத்ததில் ஒன்றின் நாக்கு உடைந்திருந்தது. பழைய பற்தூரிகைக் கைப்பிடியை நெருப்பில் வாட்டி வளைத்து, அரத்தால் அராவி, அதற்கொரு புது நாக்குப் பொருத்தியிருந்தார். யார் காட்டித் தந்தது என்று கேட்டேன். யாருமில்லை, உம்மாவின் வாப்பா மரத்தில் செய்வதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறாராம். அவர் தனியாக ஒரு இறகுத் தூண்டிலும் கட்டி வைத்திருந்தார், சேவல் இறகுக்குப் பதில் அரிசிச் சாக்கைக் கிழித்தெடுத்த வெள்ளை இழை. பாரைக்கு இது இறகைவிட நல்லது, நனைந்தால் ஒட்டிக்கொள்ளாது என்றார்.

எனக்கொன்று கட்டித் தர முடியுமா என்று கேட்டேன். சம்மதித்துத் திண்ணையில் உட்கார்ந்தார். இழையை அளந்து வெட்டி, ஈயத்தலையில் வைத்து, நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு சுற்றத் தொடங்கினார். வலப்பக்கச் சுற்று, குறிப்பேட்டில் அதை எழுதிக்கொண்டேன். கட்டி முடித்து, தலையைப் பிடித்து இழுத்துப் பார்த்து, என்னிடம் நீட்டினார்.

"எவ்வளவு தம்பி?"

"முள்ளு நூத்தியம்பது. தங்கூஸுக்கும் ஈயத்துக்கும் அம்பது. இருநூறு தாங்க காக்கா."

"கட்டுக்கூலி?"

அதற்குமா காசு என்று அவர் சிரித்தார். முள்ளுக்குச் சதக்கணக்கில் விலை தெரிந்திருந்தவருக்குத் தன் கைவேலைக்கு ஒரு விலை சொல்லத் தெரியவில்லை. சாய்ந்தமருதுக் கணக்கைச் சொன்னேன்: முதல் ஓட்டத்தில் பிடிக்கும் மீனின் விலை. அன்று உல்லைக் கரையில் ஒரு நடுத்தரப் பாரை என்ன விலைக்குப் போனதோ அதை விசாரித்து, அவர் எவ்வளவு மறுத்தும் கேளாமல் அந்தப் பணத்தைக் கையில் வைத்தேன். அவர் பெயர், ஊர், இழை, சுற்று, மீன், மாதம் எல்லாவற்றையும் எழுதிய துண்டைத் தூண்டிலோடு சேர்த்துக் கட்டச் சொன்னேன். துண்டை வாங்கிப் படித்தவர் ஒரு திருத்தம் சொன்னார்: சித்திரை மாதம் என்று மட்டும் போட்டால் போதாது, பிறை வளரும் பத்து நாள் என்றும் போட வேண்டும்.